கடைசியாக நன்றாக இருந்த நேரம்

படிவத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு படிவம். வயது, ஆணா பெண்ணா, எந்தப் பக்கக் கை கால் விழுந்தது, வாய் கோணியதா, பேச்சு குழறியதா, வாந்தி வந்ததா, நினைவு இருந்ததா. இரண்டாம் பக்கத்தில் காரணங்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, குடி, கொழுப்பு, இதயத் துடிப்பில் கோளாறு, குடும்பத்தில் வேறு யாருக்காவது வந்ததா, மாத்திரையை நடுவில் நிறுத்தியவரா. பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும்.

நான் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்தர். புள்ளியியல் படித்தவன். எங்கள் மருத்துவமனைக்குப் பக்கவாதத்தோடு வருகிறவர்களைப் பற்றி நரம்பியல் டாக்டர் ஓர் ஆய்வு நடத்துகிறார். கேஸ் ஷீட்டைப் படித்து, படிவத்தை நிரப்பி, கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாளைக்கு எட்டுப் பேரை முடித்துவிடுவேன். பழைய ஷீட்டுகள் முடிய முடியப் புதியவை வந்து சேரும்.

இருநூற்று எண்பத்தேழாவது ஷீட் என் மனைவியுடையது.

அவள் போய் ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். ஆவணப் பிரிவில் என்னோடு இருப்பவர் ஒருவர்தான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் முத்திரை குத்திவிட்டு அப்புறம்தான் படிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் ஸ்டாம்ப் அண்ணன். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே ‘பெறப்பட்டது’ என்று குத்தியதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

“அந்த ஒண்ண மட்டும் நான் போட்டுடறேன். நீ தொடாத.”

“வேண்டாம்ணே. நானே பார்க்கறேன்.”

“பிடிவாதம் பிடிக்காதடா. நாப்பத்திரண்டு கட்டம். எனக்கென்ன ரெண்டு நாள் ஆகும், அவ்வளவுதான?”

“நானே பார்க்கறேன்ணே.”

அண்ணன் என்னை நெஞ்சுறுதி உள்ளவன் என்று நினைத்துக்கொண்டார். கேன்டீனிலும் அப்படியே சொல்லியிருக்கிறார். டீ கொடுக்கிறவர் என் கிளாசை மட்டும் இரண்டு தடவை கழுவிக் கொடுத்தார். நான் அந்த ஷீட்டை வாங்கிக்கொண்டது வேறு காரணத்துக்காக. நான் சொன்ன பொய் அந்தத் தாள்களில் எங்காவது பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பிடிபடவில்லை. ஒன்பதாவது கட்டம்: கடைசியாக நன்றாக இருந்த நேரம். ஷீட்டில் காலை 9.00 என்று டாக்டரின் கையெழுத்தில் இருந்தது. பத்தாவது கட்டம்: நேரத்தைச் சொன்னவர். கணவர்.

அந்த ஒன்பதாவது கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் உறைவு வந்து அடைத்தால், அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைத் தாண்டினால் பலன் குறையும், மூளைக்குள் ரத்தம் கசிகிற ஆபத்து கூடும். ஆரம்பித்த நேரம் பல சமயம் யாருக்கும் தெரியாது. நோயாளியால் பேச முடியாது. அதனால் கூட வந்தவரிடம் கேட்பார்கள், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று. கடிகாரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். ஊசி போடுவதா வேண்டாமா என்பது ஒரு சொந்தக்காரரின் வாயில் இருக்கிறது.

இனி அன்றைய காலை.

முந்தின நாள் மாலை ஒரு சண்டை. ஒரு வாரமாக அவளுக்குத் தலைவலி. இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பமாக இருந்தபோது பிரஷர் வந்தது. கர்ப்பம் தங்கவில்லை. பிரஷர் தங்கிவிட்டது. கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டாள், அப்புறம் விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டேன். நல்லாத்தானே இருக்கேன் என்றாள். எப்போதிலிருந்து விட்டாய், எத்தனை மாதம், தலைவலி எந்தப் பக்கம் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன்.

“கட்டம் கட்டமா கேக்காத. நான் உன் பொண்டாட்டி. வீட்டுக்குள்ள படிவத்தத் தூக்கிட்டு வராத, சொல்லிட்டேன்.”

“சரி, இனிமே கேக்கல. எக்கேடோ கெட்டுப் போ.”

இதுதான் நான் சொன்னது. அப்படியே.

அவள் கட்டட வரைபடம் வரைகிறவள். வீட்டிலிருந்தே வேலை. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு டீயை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். நேரம் தெரியும், ஏழேகால் பஸ்ஸுக்காக நான் மணியைப் பார்த்துக்கொண்டேதான் சட்டை போடுவேன். கிளாஸ் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் கையைப் பார்த்தாள். “என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வாய் இடது பக்கம் இழுத்திருந்தது.

“நேத்து போட்ட சண்டைக்கு இன்னைக்கு டிராமாவா?” என்றேன். என் வாயையும் கோணலாக்கிக்கொண்டு அவளைப் போலவே சொல்லிக் காட்டினேன். “என்னமோமாறியிக்கு.”

அவள் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். பதினான்காவது கட்டம், வாய் கோணியதா என்று மனசுக்குள் வந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது: அதுவரை நான் ஏற்றிய இருநூற்று எண்பது சொச்சம் பேரில் முப்பது வயதுக்குக் கீழே நாலு பேர்தான். இவளுக்கு இருபத்தொன்பது. படிவத்தைத் தூக்கிட்டு வராதே என்றாயே, இதோ தூக்கவில்லை. இதையும் நினைத்தேன். தரையைத் துடைத்தேன், கிளாஸ் துண்டுகளைப் பொறுக்கினேன். “படு கொஞ்ச நேரம்” என்றேன். ஏழேகால் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எண்ணி அடுத்த படிவத்தை எடுத்தேன்.

பத்தரைக்கு என் மாமியார் போய்ப் பார்த்திருக்கிறார். அடுத்த தெருவில்தான் அவர் வீடு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுச் சாவியோடு மகள் வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பார். அவள் வரைபட மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்திருக்கிறாள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை.

ஆம்புலன்ஸ் பதினொன்று பத்துக்கு நான் வேலை செய்கிற மருத்துவமனைக்கே வந்தது. தகவல் வந்ததும் மாடியிலிருந்து ஓடினேன். நரம்பியல் டாக்டர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். ஒரு நர்ஸ் அவள் சட்டைக் கையை வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?”

எனக்கும் டாக்டருக்கும் நடுவில் இருந்தது அத்தையின் தோள் மட்டும்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஒன்பது மணிக்குப் போன்ல பேசினேன். நல்லாத்தான் பேசினா.”

“உறுதியா?”

“ஆமா மேடம். நல்லாத்தான் பேசினா.”

ஸ்கேன் எடுத்தார்கள். பதினொன்று ஐம்பதுக்கு ஊசி போட்டார்கள். நான் சொன்ன கணக்கில் இரண்டு மணி ஐம்பது நிமிடம். நிஜக் கணக்கில் ஐந்து மணி பத்து நிமிடம். மாலை நாலு மணிக்கு வாந்தி எடுத்தாள், நினைவு தப்பியது. மறுபடி ஸ்கேன். மூளைக்குள் ரத்தம். அடுத்த நாள் மதியம் போய்விட்டாள்.

போன மறுநாள், என் போனில் அந்த ஒன்பது மணி அழைப்பைத் தேடி அழித்தேன். ‘பதில் இல்லை’ என்று அதன் பக்கத்தில் இருந்தது. யாரும் என் போனைக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. இருந்தும் அழித்தேன்.

என் பொய் இன்னொரு வேலையும் செய்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தை அன்று ஒன்பதரைக்கே மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தார். அவர் வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சரி செய்கிறவர் ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லிப் பத்து மணிக்கு வந்தார். அதற்காகக் காத்திருந்துவிட்டுத்தான் அத்தை கிளம்பினார். ஒன்பது மணிக்கு அவள் நன்றாக இருந்தாள் என்றால், பத்தரைக்குக் கீழே கிடந்தாள் என்றால், நடந்தது அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள். அத்தை காத்திருந்த நேரத்துக்குள்.

அவர் கணக்கில் புலி. தாமதமான தபாலுக்குக் காரணம் எழுதியே முப்பது வருடம் கழித்தவர். இதையும் கணக்குப் போட்டுவிட்டார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். “ஒன்பது மணிக்கு நல்லாத்தான் பேசியிருக்கா. நான்தான் குழாய்க்குக் காவல் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சொட்டுச் சொட்டாப் போற தண்ணியப் பார்த்தேன், புள்ளைய விட்டுட்டேன்.” வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை என்றார்கள். நான் உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நானும் வெளியே வந்து அவரிடம் சொன்னேன், “அப்படியெல்லாம் இல்ல, அத்தை.” அவர் என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

கையை எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

இருநூற்று எண்பத்தேழை நிரப்பி முடித்தேன். வயது 29. பெண். ரத்தக்கொதிப்பு, ஆம். மாத்திரையை நடுவில் நிறுத்தியவர், ஆம். ஒன்பதாவது கட்டத்தில் 9.00. பிறகு இருநூற்று எண்பத்தெட்டை எடுத்தேன்.

அதன்பின் நாற்பது, ஐம்பது ஷீட்டுகள் போன பிறகு ஒன்றைக் கவனித்தேன். முப்பத்தொன்றாவது கட்டம்: ஊசி போடாததற்குக் காரணம். பெரும்பாலும் ‘நேரம் தாண்டி வந்தார்’ என்று இருக்கும். இப்போது வேறொன்று அடிக்கடி வந்தது. ‘நேரம் உறுதியில்லை.’ அதே டாக்டரின் கையெழுத்து. சில ஷீட்டுகளில் கூடவே, ‘மூன்று முறை கேட்டேன்’ என்றும் இருந்தது.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை வரும். அழுத்தினேன். முதல் இருநூற்று எண்பத்தாறு பேரில் இந்தக் காரணம் மூன்று பேருக்கு. அதன்பின் நேரத்துக்குள் வந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு இந்தக் காரணம். நடுவில் நிற்பது இருநூற்று எண்பத்தேழு.

எண்களைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம். இதைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஆனாலும் ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தற்செயலாக இருக்கலாம், பத்தொன்பது சின்ன எண்ணிக்கை என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன்.

அடுத்த வாரம் ஒரு அம்மா ஜன்னலில் வந்து நின்றார். அவர் கணவர் தையற்காரர். முன்னூற்று ஒன்றாவது ஷீட். ஊனச் சான்றிதழ் வாங்க கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும்.

“மனு எழுதணும்மா. அதோட டிஸ்சார்ஜ் காகிதம், அடையாளக் காகிதம்” என்றார் ஸ்டாம்ப் அண்ணன்.

“காகிதம் வேணும்னு வந்தா அதுக்கும் காகிதம் கேக்கறீங்களே. மதியம் சாப்பிடறதும் காகிதம்தானா?”

“முத்திரை குத்தியிருந்தா அதையும் சாப்பிடுவேன்மா.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். நடைபாதையில் சக்கர நாற்காலியில் தையற்காரர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பி, “சரி” என்றார்.

“இப்ப அந்த ஒரு சொல்லுதாங்க வருது. பசிச்சாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, என்னைத் திட்டறதும் அதேதான். இருபத்தாறு வருஷம் நான் எது சொன்னாலும் சரின்னு சொல்லாத மனுஷன்.”

நான் நகல் எடுத்துக்கொண்டே இருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “எப்பம்மா வந்துச்சு அவருக்கு?” என்றேன்.

“ஏழேகால். ஊசில நூல் கோக்கறாரு, போகல. மறுபடி கோக்கறாரு, போகல. என்னன்னு நிமிர்ந்து மணியப் பார்த்தேன். ஏழேகால். எட்டரைக்கு இங்க வந்துட்டோம். டாக்டரம்மா கேட்டாங்க, சொன்னேன். மறுபடி கேட்டாங்க, சொன்னேன். அதுக்கு முன்னாடி எதுவும் தெரியலையா, ராத்திரி நல்லா இருந்தாரா, மறைக்காம சொல்லுங்கன்னாங்க. நான் என்னத்த மறைக்கறது? பையன் வந்து சொல்லட்டும்னாங்க. அவன் வெளியூர்லேருந்து வந்து சேர்ந்தப்ப மணி பன்னெண்டு. அதுக்குள்ள நேரம் தாண்டிடுச்சாம்.” அவர் குரல் தணிந்தது. “டாக்டரம்மா நல்லவங்கதான். ஆனா என் மூஞ்சியில என்னத்தப் பார்த்தாங்களோ, நம்பல. மணி பார்க்கத் தெரியாதவன்னு நினைச்சாங்களோ என்னவோ.”

டாக்டர் அந்த அம்மாவின் முகத்தில் பார்த்தது என் பொய்யை. நகலை நீட்டினேன். அண்ணன் முத்திரை குத்தினார். அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டரின் அறைக்குப் போனேன். புறநோயாளிகள் முடிந்து, அவர் ஜன்னலோரம் நின்று ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், இருநூத்தி எண்பத்தேழுல ஒன்பதாவது கட்டம் தப்பு.”

“டைப் பண்ணும்போது தப்பாயிடுச்சா?”

“இல்ல. நான் உங்ககிட்ட சொன்னதே தப்பு. ஆறு நாப்பதுக்கே வாய் கோணியிருந்தது. கிளாஸ் கையிலேருந்து விழுந்தது. நான் பார்த்தேன்.”

அவர் ஆப்பிளை மேசையில் வைத்தார்.

“ஒன்பது மணிக்குப் போன்ல பேசினேன்னு சொன்னீங்க.”

“அவ எடுக்கல.”

“நான் கேட்டேனே. உறுதியான்னு கேட்டேனே.”

“கேட்டீங்க.”

நடைபாதையில் யாரோ வரிசை எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்?”

“ஊசி கிடைக்கணும்னு. நேரம் தாண்டினா போட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் இல்லையா, மேடம்.”

நல்ல பதில். மூன்று மாதமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பதில். அவர் முகம் சற்று இளகியது. எந்தக் கணவனும் அதைத்தான் செய்வான் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

“அதுவும் பொய், மேடம்.”

“என்ன?”

“நீங்க கேட்டப்ப ஊசி ஞாபகமே வரல. அத்தை பக்கத்துல நின்னாங்க. காலையிலயே பார்த்தேன், பார்த்துட்டு பஸ் ஏறி வந்துட்டேன்னு அவங்க முன்னாடி சொல்ல வாய் வரல. ஒன்பதுன்னு சொல்லி முடிச்ச பிறகுதான் தோணிச்சு, அப்ப ஊசியும் போடுவாங்கன்னு. பொய்க்கு ஒரு நல்ல காரணம் கிடைச்சிடுச்சு. அதப் பிடிச்சுக்கிட்டேன்.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“அந்த முதல் ஸ்கேன நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு? மரணத்த ஆராயற கூட்டத்துல பெரிய டாக்டர் அதச் சுவத்துல போட்டுக் காட்டினார். ‘மூணு மணி நேரத்துப் படமா இது? கண்ணைத் தொறந்து பார்த்தா போட்டே இருக்க மாட்டீங்க’ன்னார். இருபது பேர் முன்னாடி. எனக்குப் படம் பார்க்கத் தெரியலன்னு நினைச்சேன். அப்புறம், படம் பார்க்க எனக்குத் தெரியும், சொந்தக்காரங்கதான் பொய் சொல்றாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நேரம் சொன்ன எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உங்களைத் தவிர. நீங்க இங்கயே வேலை செய்யறவர், அந்தக் கட்டத்தோட அர்த்தம் தெரிஞ்சவர்.”

நான் கொண்டுபோன தாளை மேசையில் வைத்தேன். அந்த ஒன்பது பேரின் எண்கள். அவர் படித்தார்.

“எனக்கும் எண்ணத் தெரியும்” என்றார். முன்னூற்று ஒன்றின் மேல் விரலை வைத்தார். “இவங்க அழுதாங்க. நான் அசையல.” பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இந்த ஒன்பது பேருக்கு நான் பதில் சொல்லணும். நீங்க சொன்ன பொய்ய நான் ஒன்பது தடவை சொல்லல, ஆனா நம்பாம இருந்தது நான்தான். அத நான் பார்த்துக்கறேன். உங்க கட்டத்த நீங்க திருத்துங்க.”

“மேடம், அந்த ஊசியாலதான் அவ...”

“சரியான நேரத்துல போட்டாலும் நூத்துல அஞ்சாறு பேருக்குக் கசியும். போடாம விட்டிருந்தாலும் அவ்வளவு பெரிய அடைப்புல என்ன ஆகியிருக்கும்னு தெரியாது. ஆறு நாப்பதுக்குக் கூட்டிட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு...” அவர் நிறுத்தினார். “அத மட்டும் கொஞ்சம் தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

“திட்டிடுங்க மேடம்.”

“திட்டினா நீங்க லேசாயிடுவீங்க. போய் ஷீட்ட எடுத்துட்டு வாங்க.”

கேஸ் ஷீட்டில் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, மேலே கிறுக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். டாக்டர் கோடு போட்டார், 6.40 என்று எழுதினார், கையெழுத்திட்டார். காரணம் எழுதும் இடத்தில் பேனாவை என்னிடம் நீட்டினார். ‘கணவர் முதலில் தவறான நேரம் சொன்னார்’ என்று எழுதினேன். அவர் படித்துவிட்டுப் பேனாவைத் திரும்ப என் கையிலேயே வைத்தார். ‘தவறான’ மேல் ஒற்றைக் கோடு போட்டுப் ‘பொய்யான’ என்று எழுதினேன். என் கையெழுத்தையும் போட்டேன்.

“இது பெரிய டாக்டருக்குப் போகும். கூட்டத்துல படிப்பாங்க. உங்க வேலைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.”

“சரி மேடம்.”

“அவங்க அம்மா எப்பக் கேட்டாலும் இந்த ஷீட்ட நாம குடுத்தாகணும். அவங்க இதுல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். அத்தை தினமும் அந்த நேரத்துக்குச் சாப்பாட்டோடு வந்துவிடுவார். அன்றும் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. நேத்து வெச்சது வெச்சபடி இருக்கு. இந்த வீட்டு எறும்பு கூட உங்கள நம்பிப் பட்டினி கிடக்குது.”

“அத்தை, உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

“சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்.”

“சொன்னா நீங்க எனக்குச் சாப்பாடு போட மாட்டீங்க.”

அவர் உட்கார்ந்தார். சொன்னேன். சண்டை, கிளாஸ், கை, வாய், பாதிச் சிரிப்பு, பஸ், அவள் எடுக்காத போன். வாயைக் கோணிக் காட்டியதையும் சொன்னேன். அதை விட்டுவிடலாமா என்று நடுவில் ஒரு தடவை தோன்றியது. விடவில்லை.

அத்தை அழவில்லை. கேள்வி கேட்டார்.

“ஆறு நாப்பதா?”

“ஆமா.”

“அப்ப நான் பல் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். ஒரு போன் போட்டிருந்தா நாலு நிமிஷத்துல இங்க வந்திருப்பேன்.”

“ஆமா அத்தை.”

“குழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஆள நான் வரச் சொன்னதே ஒன்பது மணிக்கு.”

“ஆமா.”

“மூணு மாசமா நான் சொல்லிச் சொல்லி அழுதேன். நீங்க அந்த அறையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

“ஆமா.”

“ஒரு நாள் வெளிய வந்து, ‘அப்படியெல்லாம் இல்ல அத்தை’ன்னீங்க.” அவர் தன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தார். அங்கே ஈரம் எதுவும் இல்லை. “நல்ல மனசு, பெத்தவ செஞ்ச தப்ப மன்னிச்சிட்டாருன்னு நினைச்சேன். என் அக்காகிட்டச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.”

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் கூட யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

அவர் எழுந்து டிபன் கேரியரை மூடினார். ஒவ்வொரு தட்டையும் அடுக்கிக் கொக்கியை மாட்டினார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் போனை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“யார் யாருக்கெல்லாம் நான்தான் கொன்னேன்னு சொன்னேனோ, ஒவ்வொருத்தரும் எனக்கு ஞாபகம் இருக்கு. என் அண்ணன். அக்கா. கீழ் வீட்டு அம்மா. என்கூட வேலை பார்த்தவங்க நாலு பேர். அந்தக் குழாய் ரிப்பேர் பண்றவர்கிட்டயும் சொன்னேன், உன்னாலதான்யான்னு. அந்த மனுஷன் நடுத்தெருவுல நின்னு அழுதார். எல்லாருக்கும் நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். என் வாயால இன்னொரு தடவை இதச் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன் அத்தை.”

“இப்பவே.”

எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தார். மணி அடித்தது. அவருடைய அண்ணன் எடுத்தார்.

“என்னம்மா, இந்த நேரத்துல?”

அத்தை போனை என் பக்கம் தள்ளினார்.

“மாமா, நான் பேசறேன்.”

“அடடே, மாப்பிள்ளை! எப்படி இருக்கீங்க? நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன். என் தங்கச்சி போனை எடுத்தா அதே பாட்டுதான், நான் போயிருந்தா, நான் போயிருந்தான்னு. நாங்க சொன்னா காதுல போட்டுக்கறதில்ல. நீங்க படிச்சவர், ஆஸ்பத்திரியிலயே இருக்கறவர். அவ மேல தப்பு இல்லன்னு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

“அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன், மாமா” என்றேன்.

அத்தை கையை நீட்டிப் போனின் ஒலியைக் கூட்டினார்.